டார்கெட் முடித்தவர்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வருஷா வருஷம் தன் செலவில் ஆள் அனுப்பிப் பட்டாயாவைப் பார்த்துவரச் செய்கிறார். இந்தச் செய்தி அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. போய் வந்தவருக்குத் தெரியும். அனுப்பிவைத்த கம்பெனிக்குத் தெரியும். வருமான வரித் துறைக்குக்கூடத் தெரியும். அதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவைச் செருகி வைத்திருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். சம்பா நட்ட வயலில் இலை சுருண்டு வெள்ளை கட்டுகிறது. வேளாண் அலுவலர் பல ஊருக்கு ஒருவர். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் புழு அறுவடையை முடித்துவிடும். விவசாயி ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போகிறார். கல்லாவில் இருப்பவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"என்னண்ணே அடிக்கலாம்?"

"இதை டேங்குக்கு முப்பது மில்லி போடு. கூடவே இந்த டானிக்கு. இந்தக் குருணையும் ஒரு பை தூவிடு தம்பி, பயிர் பிடிச்சு எழும்பிடும்."

"டானிக்கு வேணுமாண்ணே?"

"நான் சொன்னாக் கேளு. காசு அறுப்புக்கு அப்புறம் குடு, யாரு கேட்டா இப்ப?"

அந்த மூன்றில் ஒன்று தேவைப்பட்டிருக்கலாம். மற்ற இரண்டும் எதற்கு என்று புழுவைக் கேட்டால் தெரியாது. கல்லாவுக்குப் பின்னால், லட்சுமி காலண்டருக்கு அடியில் செருகியிருக்கும் வழவழப்புத் தாளைக் கேட்க வேண்டும். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை ஒன்று. இந்த சீசனுக்குள் இத்தனை பெட்டி ஏற்றினால் பட்டாயா, மூன்று இரவு நான்கு பகல். டானிக்குக்கு இரட்டைப் பாயின்ட்.

யூரியாவில் இந்தப் பாக்கியம் கிடையாது. அரசு விலை கட்டிய சரக்கு அது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கடைக்காரர் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அதனால் யூரியா கேட்டு வருகிறவர் தலையில் இன்னொன்றைக் கட்டுகிறார்கள். அந்த ஜிங்க் பை இல்லாமல் இந்த மூட்டை கிடையாது என்கிறார்கள். இப்படிக் கட்டி விற்கக் கூடாது என்று வேளாண் துறை ஒவ்வொரு பருவத்திலும் எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை பேப்பரில் வந்த அன்று, அதே பேப்பரில் மடித்து ஜிங்க் சாம்பிள் கொடுக்கிறார்கள்.

எல்லாக் கடைக்காரரும் அப்படியா என்று சங்கத்துக்காரர்கள் கொதிப்பார்கள். இல்லை. டார்கெட் முடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரை மருந்துக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு நடத்தை விதி ஒன்றை வெளியிட்டது. அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது தனிக் கதை; விதி என்று ஒன்று காகிதத்திலாவது இருக்கிறது. நெல்லுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பவர், மருந்து எழுதுபவர், மருந்து விற்பவர், கடன் கொடுப்பவர், கடனை வசூலிப்பவர் எல்லாம் கல்லாவில் இருக்கும் அந்த ஒரே ஆள்தான். அவருக்கு ஒரு கம்பெனி விமான டிக்கெட்டும் கொடுத்தால் பயிர் என்ன சாப்பிடும், எவ்வளவு சாப்பிடும் என்பதை இனிமேல் பயிரா தீர்மானிக்கும்?

இதில் ஒரு சின்ன நுணுக்கம். பூச்சிமருந்து விற்க இப்போது படிப்புத் தகுதி கேட்கிறார்கள். எனவே பல கடைகளில் லைசென்ஸ் பி.எஸ்சி. அக்ரி படித்த மருமகள் பேரில் இருக்கும். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் பெயர் தொங்கும். அவள் கடைக்குள் கால் வைக்க மாட்டாள்; ஆம்பளைகள் வந்துபோகிற இடமாம். சட்டப்படி பார்த்தால் டார்கெட் முடித்தவள் அவள். பட்டாயா போகிறவர் மாமனார்.

சரி, வருமான வரிக்கு வருவோம். 2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது 194ஆர் என்ற பிரிவு. வியாபாரத் தொடர்பில் ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள சலுகை கொடுத்தால், கொடுப்பவர் அதில் பத்து சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். இதை விளக்கி வந்த சுற்றறிக்கையை எழுதிய அதிகாரி உலகம் தெரிந்தவர். புதுச் சரக்கை அறிமுகப்படுத்தவோ, விற்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கவோ, கணக்கு வழக்கை நேர் செய்யவோ டீலர்களைக் கூட்டி மாநாடு நடத்தினால் அது சலுகை ஆகாது என்கிறார். இலக்கை எட்டிய சிலருக்கு மட்டும் என்றால் சலுகை. உல்லாசத்துக்கான செலவு சலுகை. கூட வரும் குடும்பத்தாருக்கு ஆகும் செலவும் சலுகை.

பட்டாயா ஓட்டல்களின் கூடங்களில் தொங்கும் பேனர்களுக்கு அர்த்தம் இப்போது புரிகிறதா? 'புதிய தயாரிப்பு அறிமுக மாநாடு' என்று ஒன்று தொங்கும். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், விளக்கும் திரியும் ஊரிலிருந்தே பெட்டியில் வந்தவை. ஏரியா மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு புழுவின் படத்தைத் திரையில் காட்டுவார். பின்வரிசை, நேற்றிரவின் களைப்பில் வாய் திறந்து தூங்கும். மேடையில் ஏறி எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கி ஒரு குரூப் போட்டோ. முக்கால் மணி நேரத்தில் அறிவு வளர்ந்துவிடும். அந்தப் படம் ஆடிட்டருக்கு. அரசாங்கம் போகாதே என்று சொல்லவில்லை. பத்து சதவீதத்தை இங்கே வைத்துவிட்டுப் போ, அல்லது விளக்கேற்றிய படத்தைக் காட்டிவிட்டுப் போ என்கிறது. கூட்டாளி பேசுகிற பேச்சு அது.

பாங்காக் விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் பட்டாயா. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசாவும் வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். 2024-ல் நம் நாட்டிலிருந்து தாய்லாந்து போனவர்கள் இருபது லட்சத்துக்கும் அதிகம். குடும்பத்தோடு போனவர்கள், தேனிலவுக்குப் போனவர்கள், கோயில் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் அதில் உண்டு. அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகப் போய் வரட்டும். நான் பேசுவது மதியம் இட்லி சாம்பார் கேட்டு அடம்பிடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஒரே நிற டி-ஷர்ட்டில், முதுகில் கம்பெனி முத்திரையோடு, வாக்கிங் ஸ்ட்ரீட் என்ற கேளிக்கைத் தெருவுக்குள் நுழைகிற அந்தக் கூட்டத்தைப் பற்றி.

பகலுக்கு வேறு நிகழ்ச்சி நிரல். ஸ்பீடு போட்டில் கோ லான் தீவு, பாராசூட்டில் தொங்கும் படம், நோங் நூச் தோட்டத்தில் யானையோடு ஒரு படம், பிரதும்னக் குன்றில் பதினெட்டு மீட்டர் உயரப் புத்தருக்கு முன் கைகூப்பி ஒரு படம். இந்தப் புத்தர் படம்தான் முக்கியம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுவது அதுதான். ஊரில் பார்த்தவர்கள் 'புண்ணியம் பண்ணியிருக்கணும்ணே' என்று பதில் போடுவார்கள். உயிரையே எடுக்கக் கூடாது என்றவர், பூச்சிமருந்து வியாபாரிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு அந்தக் குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் 'ஷோ'. 1974-ல் தொடங்கிய டிஃபனி அரங்கம், அல்லது அல்காசர். மேடை முழுக்க இறகும் ஜிகினாவும் அணிந்த திருநங்கைக் கலைஞர்கள். ஆட்டம் முடிந்ததும் வாசலில் வந்து நிற்பார்கள்; பக்கத்தில் நின்று படம் எடுக்கக் காசு. நம் ஆட்கள் வரிசையில் நின்று, வேட்டி கட்டிப் பழகிய இடுப்பை வளைத்து, தோளில் சாய்ந்து எடுத்துக்கொள்வார்கள். திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்ததில் நாட்டுக்கே முன்னோடி என்று 2008-ல் பெயர் வாங்கிய மாநிலத்துக்காரர்கள். போன வெள்ளிக்கிழமை கடைவாசலில் வந்து கைதட்டிய திருநங்கையை 'காலங்காத்தால வந்துட்டியா, போ போ' என்று விரட்டியவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். அங்கே விரட்டியவர் இங்கே டிக்கெட் வாங்கி நிற்கிறார். இரண்டு இடத்திலும் கணக்கில் வராதது ஒன்றுதான், எதிரில் நிற்பது ஓர் ஆள் என்பது.

இந்த ஊர் இப்படி ஆனது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். கடற்கரை தானாகக் கெட்டுப்போகவில்லை. மீன்பிடிக் குப்பமாக இருந்த இடத்துக்கு 1959-ல் கோராட் தளத்திலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் இளைப்பாற வந்தார்கள் என்பது ஊரார் சொல்லும் தொடக்கக் கதை. அதற்கு மறு ஆண்டு, 1960-ல், விபசாரம் குற்றம் என்று தாய்லாந்து சட்டம் போட்டது. 1966-ல் இன்னொரு சட்டம் போட்டது: மசாஜ் நிலையம், மது விடுதி, நடன விடுதி முதலிய கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் தருகிற சட்டம். ஒன்று வாசலை அடைத்தது, மற்றொன்று ஜன்னலைத் திறந்து படிக்கட்டும் கட்டிக்கொடுத்தது. அதே 1966-ல் பட்டாயாவிலிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் ஊ-தபாவ் விமான தளத்தின் நீண்ட ஓடுபாதை தயாரானது; அடுத்த ஆண்டு பி-52 குண்டு விமானங்கள் அங்கிருந்து வியட்நாமுக்குப் பறந்தன. போரிலிருந்து சில நாள் விடுப்பில் வரும் சிப்பாய்களை உபசரிக்க 1967-ல் அமெரிக்க ராணுவத்தோடு தாய்லாந்து அரசு ஒப்பந்தமே செய்துகொண்டது. குண்டு போட்டுவிட்டு வந்தவனுக்குக் குளிர்ந்த பீரும் ஒரு பெண்ணும் என்பது ஒரு தேசத்தின் பொருளாதாரத் திட்டத்தில் இடம்பிடித்தது. 1976-ல் படைகள் கிளம்பிப் போய்விட்டன. கட்டிய கட்டில்கள் காலியாக இருக்கலாமா? ஜெர்மனி வந்தது, ரஷ்யா வந்தது, இப்போது நாமும் வந்திருக்கிறோம், முதுகில் கம்பெனி முத்திரையோடு.

1996-ல் விபசாரச் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். தெருவில் நின்று ஆள் அழைக்கும் பெண்ணுக்கு 1,000 பாட் வரை அபராதம். 2017-ல் ஒரு பிரிட்டன் பத்திரிகை இந்த ஊரைப் பற்றி மானம் போகிற மாதிரி எழுதியபோது, உள்ளூர்ப் போலீஸ் அப்படி ஒரு தொழிலே இங்கே கிடையாது என்று சாதித்தது. பிறகு வாக்கிங் ஸ்ட்ரீட்டில் ரோந்து போய், இது 'மகிழ்ச்சி மண்டலம்' என்று அறிவித்தது. 2023 டிசம்பரில் அந்த மகிழ்ச்சியை விடிகாலை நான்கு மணி வரை நீட்டிக்கவும் அரசு அனுமதி கொடுத்தது. நம் ஊர் டாஸ்மாக் பத்து மணிக்குச் சாத்துவதை நினைத்து நம் ஆட்கள் அங்கே பெருமூச்சு விடுவார்கள். நல்லாட்சி என்றால் இதுதான் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார்.

இந்த ஊரின் மனசு எதில் இருக்கிறது என்று தெரிய 1997 ஜூலையைப் பார்க்க வேண்டும். ஜோம்தியன் கடற்கரையில் பதினேழு மாடி ஓட்டல் ஒன்று தீப்பிடித்தது. தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவசர வழிக் கதவுகள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தன. விருந்தாளி பில் கட்டாமல் நழுவிவிடக் கூடாதே என்ற முன்யோசனை.

பட்டாயாவில் பில் மட்டும் எப்போதும் சரியாக வந்து சேரும். யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் மேசையில் இருக்கும் தாளில் எழுதியிருக்காது.

வாக்கிங் ஸ்ட்ரீட் மதுக்கடை ஒன்றில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். பெரும்பாலும் அவள் இந்த ஊர்க்காரி அல்ல. தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்ற பகுதி. சுரின், புரிராம், உடோன் தானி என்ற மாகாணங்கள். உலகமெல்லாம் மணக்கிற தாய் மல்லிகை அரிசி விளைவது அங்கேதான். விளைவிக்கிறவர்கள் நாட்டிலேயே ஏழைகளில் சேர்த்தி. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி, ஆண்டுக்கு ஒரு போகம், மண்ணில் உப்பு. அதே 1966-ல்தான் அந்நாட்டு அரசு விவசாயிக்கென்று ஒரு வங்கியையும் திறந்தது. ஓர் அரசாங்கம் ஒரே வருஷத்தில் அப்பனுக்குக் கடன் கொடுக்க வங்கியும், மகள் வேலைக்குப் போக லைசென்ஸ் பெற்ற மது விடுதியும் ஏற்பாடு செய்தது என்று சொன்னால் மிகை என்பீர்கள். ஆண்டு மட்டும் மிகை இல்லை.

2011-ல் வந்த அரசு, நெல்லை டன்னுக்கு 15,000 பாட்டுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி ஓட்டு வாங்கியது. 2013-ன் கடைசியில் நெல்லை ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருந்தார்கள் தாய்லாந்து விவசாயிகள். சாலையை மறித்தார்கள், பாங்காக்கை நோக்கி டிராக்டர் ஓட்டினார்கள். நடுவில் 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நம் டெல்டாக்காரருக்கு இதில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அந்த மொழி புரியும்.

அந்த ஸ்டூலில் இருப்பவளுக்கும் டார்கெட் உண்டு. இதை நம் டீலர் அண்ணன் அறிந்தால் சொந்தக்காரியைக் கண்டது போலத் துள்ளியிருப்பார். மாதத்துக்கு இத்தனை 'லேடி டிரிங்க்' விற்றாக வேண்டும். வாடிக்கையாளர் அவளுக்கென்று வாங்கித் தரும் பானத்தில் அவளுக்கு ஒரு பங்கு. மாதத்தில் இத்தனை முறையாவது அவளை வெளியே கூட்டிப்போக யாராவது கடைக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். தாமதமாக வந்தால் பிடித்தம். எடை கூடினாலும் பிடித்தம். தொழிலில் உள்ள பெண்களே சேர்ந்து 1985 முதல் நடத்திவரும் எம்பவர் என்ற அமைப்பு இந்தப் பிடித்தங்களைப் பல காலமாகப் பதிவு செய்து வருகிறது. அவர்கள் கேட்பது இரக்கம் இல்லை, தொழிலாளர் சட்டம். விடுப்பு, குறைந்தபட்சக் கூலி, காப்பீடு. நம் ஆட்கள் அவள் காதில் சொல்லும் 'உன்னை இங்கேருந்து காப்பாத்தவா?' என்ற வசனத்துக்கு அவர்கள் பட்டியலில் இடமில்லை.

அவள் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவள் அனுப்பும் பணத்தில் ஊரில் ஓட்டு வீடு எழும்புகிறது, தம்பி படிக்கிறான், அப்பனின் வங்கித் தவணை அடைகிறது. அவள் உட்கார்ந்து, நின்று, சிரித்துச் சம்பாதித்தது அது. எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, இவர் என்ன செய்து சம்பாதித்தார் இந்த ராத்திரியை? தேவையில்லாத டானிக்கை ஒரு கடனாளியின் கணக்கில் எழுதினார். வட்டியோடு எழுதினார். திருவையாற்று விவசாயியின் கடன் போய் சுரின் விவசாயியின் கடனை ஒரு மதுக்கடை மேசையில் சந்திக்கிறது. நடுவில் உட்கார்ந்து இரண்டையும் தொட்டுக்கொண்டு இளிக்கிறது ஒரு டி-ஷர்ட்.

இளிப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, பேரம் பேசுகிறது. ஊரில் எம்.ஆர்.பி.யில் பத்துப் பைசா குறைக்காத வாய், இங்கே ஒரு பெண்ணிடம் ஐம்பது பாட்டுக்கு மல்லுக்கட்டுகிறது. 'ஆறு பேர் இருக்கோம், சேர்த்துப் பார்த்து சொல்லு' என்று தமிழில் கேட்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது. தொனி தெரியும். மொத்த வியாபாரத் தொனி.

இனி சொல்லப்போவதை அந்த டி-ஷர்ட் கூட்டத்தில் எத்தனை பேர் அறிவார்களோ. களைக்கொல்லி பாராகுவாட்டையும் பூச்சிக்கொல்லி குளோர்பைரிபாஸையும் தாய்லாந்து 2020 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. அங்கே விற்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. கம்பெனிகள் முட்டிப்பார்த்தன, பெரிய விவசாயிகள் சங்கம் முட்டிப்பார்த்தது. மருத்துவர்களும் பொதுமக்கள் அமைப்புகளும் விடவில்லை. பாராகுவாட் உள்ளே போய்விட்டால் மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. நுரையீரல் நாள்கணக்கில் இறுகி, நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நிற்கும். நம் மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் அந்தப் பச்சை வாந்தியைப் பற்றிச் சொல்வார். அதை இங்கே கல்லாவில் உட்கார்ந்து, ரசீதில்லாமல், துண்டுச் சீட்டில் எழுதி விற்றுப் பாயின்ட் சேர்த்தவர், அதை நஞ்சென்று சொல்லித் துரத்திய நாட்டுக்கே பரிசாகப் போய் வருகிறார். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையச் சுங்கத்தில் அவர் பெட்டியைத் திறந்தால் ஊறுகாய் பாட்டில்தான் இருக்கும். கடையை இறக்குமதி செய்ய முடியாது, கடைக்காரரை வரவேற்கலாம். அவர்கள் தங்கள் மண்ணைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பெண்களைக் காப்பாற்றுவது பற்றி இன்னும் யோசிக்கவில்லை. நாம் இரண்டையும் யோசிக்கவில்லை.

திரும்பி வருகிறார் அண்ணன். டைகர் பாம் ஒரு டஜன், முந்திரி இரண்டு பாக்கெட், மனைவிக்கு ஒரு கைப்பை. கூட வந்தவர்களுக்குள் ஒரு சத்தியம்: அங்கே நடந்தது அங்கேயே. எடுத்த படங்களை விமானத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். புத்தர் மிஞ்சுகிறார், யானை மிஞ்சுகிறது.

வந்த வாரத்தில் ஊர்த் திருவிழாக் கூட்டம். அண்ணன் உபயதாரர். மேடையில் பேசுகிறார். இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் கையில் செல்போன் கெடுத்துவிட்டதாம். ஆறு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை என்று கேட்கிறார். நம் பண்பாடு, நம் குலம், நம் மானம் என்று மூன்று முறை சொல்கிறார். கீழே பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியின் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் கடையில் வாங்கிய பாட்டிலை வரப்பில் உட்கார்ந்து குடித்தவன். அந்தக் கணக்கின் பாக்கியை அவள் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டிருக்கிறாள், அண்ணன் வட்டியை மட்டும் தள்ளிக் கொடுத்தார், நல்ல மனுஷன் என்று ஊரில் பேச்சு. மேடையில் மருமகளும் இல்லை. லைசென்ஸில் இருக்கிற பெயரை நோட்டீஸில் போடவில்லை.

கம்பெனியைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். உலகம் முழுக்க உள்ள வழக்கம் இது என்பார்கள். டீலர் ஊக்கம் பெற்றால் விவசாயிக்குச் சேவை பெருகும் என்பார்கள். அவர்கள் ஆண்டறிக்கையில் 'விற்பனை ஊக்குவிப்பு' என்ற தலைப்பில் ஒரு தொகை இருக்கும். அதற்குள்ளே ஸ்பீடு போட் இருக்கிறது, பஃபே இருக்கிறது, சொல்லக்கூடாத மிச்சமும் 'இதர செலவு' என்ற போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. அந்தத் தொகை வானத்திலிருந்து வரவில்லை. பாட்டில் விலையில் இருக்கிறது. ஒவ்வொரு மூடியைத் திருகும்போதும் விவசாயி கொடுக்கிறார்.

ஆகவே என்னிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. பயணத்தைத் தடுங்கள் என்று கேட்க மாட்டேன். தடுத்தால் நேபாளம் வழியாகப் போவார்கள். பூச்சிமருந்து பாட்டிலின் லேபிளில் சாய்சதுரம் ஒன்றைப் போட்டு, அதன் கீழ்ப் பாதி முக்கோணத்தில் நஞ்சின் வீரியத்தைக் காட்டும் நிறம் தீட்டுகிறார்கள் அல்லவா, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று? பக்கத்தில் சின்னதாக ஒரு விமானம் போடட்டும். அதற்கடியில், இந்தப் பாட்டிலில் மருந்துக்கு எவ்வளவு, டின்னுக்கு எவ்வளவு, பட்டாயாவுக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகப் பிரித்துக் காட்டட்டும். பீர் தனி, ஸ்பீடு போட் தனி, மண்டை ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை. கட்டுகிறவருக்கு எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியும் உரிமை உண்டு. வருமான வரித் துறை ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிறது, அதிலிருந்து எழுதிக் கொடுத்தால் போதும்; புதிதாகக் கமிட்டி எதுவும் வேண்டாம்.

அப்படியே ஒரு சட்டம் வந்தாலும் கம்பெனி வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித் தருகிற, பல மொழிகளில் மடித்து மடித்து அச்சடித்த அந்தத் தாளில், எறும்பு எழுத்தில், கடைசிப் பக்கத்தில் அதைப் போட்டுவிடுவார்கள்: 'விலையில் பயணச் செலவும் அடங்கும்.' இடம் போதாததால் அது 'இதற்கு மாற்று மருந்து இல்லை' என்ற வரிக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும்.